நான்கு வருடம் காத்திருந்த எண்மர்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நாங்கள் வகுப்பில் படித்த வரலாற்றில் பாஹியன் அநுராதபுரத்துக்கு வந்தார், அபயகிரியைப் பார்த்தார், போனார். என்ன கொண்டு போனார் என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டு வருடம் இங்கே தங்கி, சீனாவில் இல்லாத விநய நூலொன்றின் பிரதியைப் பெற்றுக்கொண்டுதான் கப்பல் ஏறினார். அவர் காலமான பின், இன்று நாஞ்சிங் எனப்படும் ஜியான்காங் தலைநகரின் மடாலயமொன்றில் அது சீனமொழிக்கு வந்தது. பிறநாட்டுத் துறவி மூலத்தை ஓத, ஒருவர் வாய்மொழியாகப் பெயர்ப்பார், இன்னொருவர் எழுதுவார். சீன மடாலயம் வழிபாட்டு இடம் மட்டுமல்ல, மொழிபெயர்ப்புக் கூடமும் தூரதேசத்தார் தங்கும் வீடும் அதுவே.

நான் சொல்ல வந்தது அப்படியொரு வீட்டில் தங்கிய பெண்களைப் பற்றி.

429ஆம் ஆண்டு நந்தி என்ற கப்பல் தலைவர் இலங்கைப் பிக்குணிகளை ஜியான்காங்கில் கொண்டுபோய் இறக்கினார். எட்டுப் பேர். அவர்கள் அங்குள்ள சீனப் பிக்குணிகளிடம், இதற்கு முன் வெளிநாட்டுப் பிக்குணிகள் இங்கு வந்ததுண்டா என்று விசாரித்தார்கள். இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் உங்களுக்கு உபசம்பதை அளித்தது யார்? பிக்குகள் மட்டுமே! இரு சங்கங்களும் சேர்ந்து அளிக்க வேண்டுமென்பது விநய விதி. தங்கள் துறவு முறையானதுதானா என்ற கவலை சீனப் பெண்களுக்கு வந்துவிட்டது.

இலங்கை வழியாகவும் ஜாவா வழியாகவும் அங்கு வந்திருந்த காஷ்மீரத் துறவி குணவர்மனிடம் போனார்கள். பழைய உபசம்பதை செல்லாததல்ல, மீண்டும் பெற விரும்பினால் பெறலாம் என்றார். ஆனால் அதற்குப் பத்துப் பிக்குணிகள் தேவை. வந்தவர்கள் எண்மர், துறவில் போதிய ஆண்டுகள் நிறையாதவர்களும் இருந்தனர். இலங்கையிலிருந்து இன்னும் பிக்குணிகளை அழைப்பியுங்கள், அதுவரை இவர்கள் சீனமொழி படிக்கட்டும் என்று வழி சொன்னார். 431இல் அவரும் காலமானார்.

கடிதம் போய், காற்றுப் பார்த்து, கப்பல் திரும்பி வர வேண்டும். இரண்டு பேர் குறைவு என்பதற்காக நான்கு வருடம்! அந்த எண்மரின் பெயர்கள்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 433இல் நந்தியின் கப்பல் மேலும் பதினொரு பேரோடு வந்தபோது, முன்னே வந்தவர்கள் சீனமொழியைச் சரளமாகப் பேசினார்கள் என்று பதிவு இருக்கிறது. புதிதாக வந்தவர்களில் ஒருவரைச் சீன நூல் தியேசாலுவோ என்கிறது. தேவசாரா என்பதன் திரிபு என்பது பலர் கருத்து. சங்கவர்மன் என்ற துறவியின் தலைமையில் நான்லின் மடாலயத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட சீனப் பிக்குணிகள் மீண்டும் உபசம்பதை பெற்றனர். 6ஆம் நூற்றாண்டில் பாவோசாங் என்ற துறவி 65 பிக்குணிகளின் வரலாற்றை எழுதியதால்தான் இதில் பெரும்பகுதி எங்களுக்குத் தெரிகிறது.

இங்கே என்ன நடந்தது? 11ஆம் நூற்றாண்டுச் சோழர் ஆட்சிக்குப் பின் இலங்கையில் பிக்குணிச் சங்கம் பற்றிய பேச்சே இல்லாமற் போயிற்று. தமிழரான நாங்கள் இதையும் தயங்காமற் சொல்ல வேண்டும். சீனாவில் அந்தப் பரம்பரை நின்றுவிடவில்லை. 1998இல் தைவானின் ஃபோ குவாங் ஷான் மடாலயம் புத்தகயாவில் நடத்திய உபசம்பதையில் இலங்கைப் பெண்களும் இருந்தார்கள். அதை ஏற்க மறுக்கும் பிக்குகள் இன்றும் இங்கே உண்டு. புத்தகயாவில் சீன மரபுப் பிக்குணிகள் அவர்கள் முன் அமர்ந்திருந்தார்கள்; இம்முறை கப்பல் மறுதிசையில் வந்திருந்தது.