கொல்லா மீனும் இல்லறத்தார் கைப்பொருளும்



புலால் உண்ணாதார் இல்லத்தில் மீனைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இலையில் அதற்கு இடமில்லை; ஆயினும் சேமிப்பில் இடம் கேட்டு அது வாயிலில் வந்து நிற்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் மீன் என்னும் புதிய தொழிலில் பொருளை இடுவது அறத்திற்கு ஒக்குமா, அறிவிற்கு ஒக்குமா என்னும் இரு வினாக்களை இல்லறத்தார் ஆராய வேண்டும்.

மீனின் உடலிலிருந்து எடுத்த உயிரணுக்களை உருக்குக் கலன்களில் ஊட்டநீரிலிட்டுப் பெருக்குகின்றனர். திரண்டதைத் தாவரப் பொருள்களோடு சேர்த்து மீன் துண்டமாக்குகின்றனர். சான் பிரான்சிஸ்கோ நகரின் வைல்ட்டைப் நிறுவனம் இவ்வாறு ஆக்கிய சால்மனைப் பற்றித் தமக்கு மேலும் வினா இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் தெரிவித்தது. போர்ட்லாந்து நகர உணவகம் ஒன்று அதனைப் பரிமாறியது. நம் நாட்டிலும், கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024 ஜனவரியில் நீட் மீட் என்னும் தனியார் நிறுவனத்துடன் இவ்வாய்வுக்கு ஒப்பந்தம் செய்தது. வஞ்சிரம், வாவல் போன்ற மீன்கள் அதற்குரியவை.

முதலில் அறத்தைக் காண்போம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் தீவினை சேரும் என்பது சமணம் கூறும் நெறி. உண்ணாமை முதலாவதைத் தடுக்கும். பொருளை இடுபவர் மற்ற இரண்டையும் எண்ண வேண்டும். தானே இறந்த விலங்கின் ஊனிலும் நுண்ணுயிர்கள் தோன்றுவதாக நூல்கள் கூறுவதால், இம்மீன் சமணர்க்கு உணவாகாது. ஆனால் மீன் உண்பவர் இதற்கு மாறினால் வலையில் மடியும் உயிர்கள் குறையக்கூடும். இத்தொழிலின் அறப்பயன் அதுவே.

அப்பயனுக்கும் ஓர் இடர் உண்டு. உயிரணு வளர்ப்பில் நெடுங்காலமாகப் பயன்பட்ட ஊட்டப்பொருள், கொல்லப்பட்ட சினைப்பசுவின் கருக்கன்றின் குருதியிலிருந்து எடுக்கும் சீரம். அதனைக் கைவிடப் பல நிறுவனங்கள் முயல்கின்றன. கைவிட்டனவா என்று கேளாமல் இடும் பணம், மீனைக் காக்கப் புறப்பட்டுக் கன்றைக் கொன்றதாய் முடியும்.

இனி அறிவின் கணக்கு. ஆய்வக இறைச்சிக்கும் மீனுக்கும் உலக அளவில் 2021ஆம் ஆண்டு வந்த முதலீடு 130 கோடி டாலரைக் கடந்தது. 2024இல் அது ஏறத்தாழ 14 கோடி டாலராகச் சுருங்கியது. இறால் முதலியவற்றை வளர்க்க 2018இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஷியோக் மீட்ஸ், 2024இல் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்தது. இத்தாலி 2023இலும், அமெரிக்காவின் புளோரிடா, அலபாமா மாநிலங்கள் 2024இலும் ஆய்வக இறைச்சி விற்பனைக்குத் தடை விதித்தன. ஊட்டநீரின் செலவும் கலன்களின் விலையும் இன்னும் பெருஞ்சுமை. இந்நிறுவனங்களுள் பெரும்பாலானவை பங்குச் சந்தைக்கு வராதவை. ஆதலின் வேண்டியபோது பங்கை விற்றுப் பணத்தை மீட்பது அரிது.

ஆகவே பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் வைத்த பொருள் இதற்குரியதன்று. சீரம் எது, உயிரணு பெற மீன் மீண்டும் மீண்டும் கொல்லப்படுகிறதா, ஒரு கிலோ ஆக்க ஆகும் செலவு எவ்வளவு என்னும் மூன்றுக்கும் எழுத்தில் விடை பெற்ற பின்னரே, இழந்தாலும் இல்லம் தளராத சிறு பங்கை இடலாம். விடை கிடையாதாயின் கைப்பொருள் கையிலேயே இருக்கட்டும். இலாபத்தை விரும்பி அறத்தின் பெயரைச் சொல்வதும், அறத்தை விரும்பிக் கணக்கை மறப்பதும் இல்லறத்தார்க்கு ஒருங்கே தீங்கு.