கிட்டங்கிக் கடிதமும் மின்னஞ்சலும்: பினாங்குச் சிறுவணிகத்தில் தமிழ்



மொழிக்கென நடைபெறும் இச்சொற்பொழிவு வரிசையில், இலக்கியத்தை விட்டுவிட்டு இணையக் கடை, விளம்பரம், மின்னஞ்சல் என்று பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இந்தத் தீவில் தமிழ் வேரூன்றிய வரலாற்றை நினைத்துப் பார்த்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே துறைமுகம் அமைத்த காலந்தொட்டுச் சூலியா வணிகரும், படகோட்டிகளும், கூலித் தொழிலாளரும், பின்னர் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் இத்தீவில் தமிழ் பேசினர். அவர்களுள் பலர் தமிழை எழுதியது கணக்கிலும் கடிதத்திலுந்தான். கோயில் கல்வெட்டைப் போற்றும் நாம் கடைக் கடிதத்தைத் தமிழ் எழுத்தாகவே எண்ணுவதில்லை.

பினாங்கு வீதியில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. தைப்பூசத்திற்கு வெள்ளிரதம் புறப்படும் கோவில்வீடு இன்றும் அவ்வீதியிலேயே இருக்கிறது. கிட்டங்கியில் ஒவ்வொரு பெட்டியடிக்குப் பின்னும் ஒரு தொழில். அதை நடத்தியவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். ஏறத்தாழ மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த முகவர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இருவருக்கும் இடையே வங்கக் கடல். எனவே அத்தொழில் முழுவதும் கடிதத்தின்மேல் நின்றது. பிள்ளையார் சுழி, நாள், ஊர், முன்வந்த கடிதம் கிடைத்த செய்தி, அதன்பின் வரவு, பற்று, நிலுவை, கடைசியில் வீட்டு நலம். ஐந்தொகை ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும்; சேராவிட்டால் ஐயம் பிறக்கும்; ஐயம் பிறந்தால் முகவருக்கு அடுத்த மூன்றாண்டு இல்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலாக் கப்பல் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே பல்லாண்டு ஓடிற்று. அத்தகைய கப்பல்களில் ஆள்களோடு அஞ்சல் மூட்டைகளும் வந்தன. ஒரு கேள்விக்கு விடை வருவதற்குள் வாரங்கள் கடந்துவிடும் என்பதனால், கேட்க வேண்டியதையெல்லாம் ஒரே கடிதத்தில் ஐயத்திற்கு இடமின்றிக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. இன்று ஒரு நொடியில் செய்தி போகிறது. அதனாலேயே பாதிச் செய்தியை அனுப்பிவிட்டு மீதியை மறந்துவிடுகிறோம்.

கடிதத்தின் வழியே சரக்கு விற்பதும் தமிழருக்குப் புதிதன்று. ஆனந்த விகடனை 1928இல் விலைக்கு வாங்கிப் பெரும் இதழாக வளர்த்த எஸ். எஸ். வாசன், அதற்கு முன்னர் விளம்பரம் சேர்ப்பவராகவும் அஞ்சல்வழிப் பொருள் விற்பவராகவும் தொழில் செய்தவர். கடையைக் காணாத ஒருவர், எழுத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்ப வேண்டும். அந்த நம்பிக்கையை எழுத்திலேயே உண்டாக்க வேண்டும். இன்றைய இணையக் கடைக்காரரின் சிக்கல் இதிலிருந்து சிறிதும் மாறுபட்டதன்று.

இனி இன்றைய பினாங்கிற்கு வருவோம். 1969இல் இத்தீவு சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் தகுதியை இழந்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் குடியிருந்த பலர் வெளியேறினர். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமையாக அறிவித்தது. சுற்றுப்பயணிகள் பெருகினர், இடத்தின் விலையும் பெருகிற்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, லெபோ பசாரில் எப்போதும் ஒலிக்கும் பாட்டுகூட அடங்கிவிட்டது. துணிக்கடை, மளிகைக்கடை, பூக்கடை என்று எத்தனையோ சிறுகடைகள் அந்நாளில்தான் முதன்முதலாக இணையத்தில் பொருள் விற்கக் கற்றன. கடையே இல்லாத இல்லத்தரசியரும் அவ்வாறே கற்றனர்.

பட்டர்வொர்த்தில் வாழும் என் பழைய மாணவி ஒருத்தி அவர்களுள் ஒருத்தி. தீபாவளிக்கு முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை செய்து டின்களில் அடைத்து விற்கிறாள். ஒரு சிறிய இணையப் பக்கம், ஒரு மின்னஞ்சல் முகவரி, கணவரின் கார் ஆகியவையே அவளுடைய முதல். ஓராண்டு ஈப்போவிலிருந்து ஓர் அலுவலகம் தன் ஊழியர்களுக்காக 60 டின் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. வங்கி அறிவிப்பு, பள்ளிச் சுற்றறிக்கை, பிள்ளையின் விளையாட்டுச் செயலி அனுப்பிய விளம்பரம் எல்லாம் வந்து குவியும் அதே பெட்டியில் அக்கடிதமும் கிடந்தது. தீபாவளி முடிந்து நான்காம் நாள் கண்டாள். "சார், அறுபது டின்னை நானே குப்பையில் போட்டதுபோல் இருந்தது" என்றாள். அந்த அலுவலகம் மறுபடி அவளிடம் கேட்கவில்லை.

மின்னஞ்சலை நிருவகிப்பது என்பது இதுபோன்ற இழப்பைத் தவிர்ப்பதுதான். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டுவதில்லை. வீட்டுக்கு ஒரு முகவரி, கடைக்கு ஒரு முகவரி என்று பிரித்துவிட வேண்டும். கடை முகவரிக்கு வருவனவற்றைக் கேள்வி, வாங்கல், குறை என்று மூன்று உறைகளில் இடவேண்டும். குறை கூறும் கடிதத்திற்கே முதலில் விடை எழுத வேண்டும் என்பது என் கருத்து. கேள்வி கேட்டவர் ஒருநாள் பொறுப்பார், பணம் கொடுத்து ஏமாந்ததாக நினைப்பவர் பொறுக்கமாட்டார். குப்பையஞ்சல் உறையையும் நாள்தோறும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பழைய கணக்கப்பிள்ளை மாலையில் பெட்டியடியைச் சரிபார்த்துவிட்டு விளக்கணைத்தது போன்ற பழக்கம் இது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மலேசியத் தமிழர் எல்லாரும் புலனத்தில் பேசுகிறார்களே, மின்னஞ்சலை யார் பார்க்கிறார் என்பர். மறுப்பதற்கில்லை, விரைவான பேச்சுக்குப் புலனம் ஏற்றதே. இயங்கலைச் சந்தைகளும் புதியவர்க்குக் கூட்டத்தைக் கொண்டுவந்து தருகின்றன. ஆனால் அச்சந்தையில் உங்களிடம் பொருள் வாங்கியவர் உங்கள் வாடிக்கையாளர் அல்லர், சந்தையின் வாடிக்கையாளர். அவருடைய முகவரி உங்களிடம் இராது. சந்தை தன் கட்டணத்தை உயர்த்தினாலும், உங்கள் கணக்கை முடக்கினாலும், ஒரே நாளில் நீங்கள் யாருமற்றவர் ஆவீர்கள். வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது கடைவீட்டுக்காரர் பட்ட பாடு அதுதான். மின்னஞ்சலோ எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையும் அன்று. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மடலை அனுப்பிய நாள்முதல் அது பொதுவழியாகவே இருந்துவருகிறது. சொந்த இணையப் பெயரில் முகவரி வைத்திருப்பவர், சேவை தரும் நிறுவனத்தை மாற்றினாலும் முகவரியை இழப்பதில்லை. வாடிக்கையாளர் பட்டியலும் அவர் கையிலேயே இருக்கும்.

பட்டியல் கையில் இருக்கிறது என்பதற்காகத் தோன்றியபோதெல்லாம் விளம்பரம் அனுப்பலாமா? முதன்முதலில் அப்படிச் செய்தவர் கேரி துர்க். 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்திற்காக ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பர மடல் அனுப்பினார். பெற்றவர்கள் சினந்தனர். அக்குப்பை அன்றுமுதல் இன்றுவரை வளர்ந்து நிற்கிறது. நம் நாட்டில் 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிக நடவடிக்கையில் பெறும் பெயரையும் முகவரியையும் ஒப்புதலின்றிப் பயன்படுத்தலாகாது என்கிறது. அதன் 43ஆம் பிரிவு, எனக்கு விளம்பரம் அனுப்பாதே என்று எழுத்தில் கேட்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. எனவே யாரோ தொகுத்த முகவரிகளை விலைக்கு வாங்கி விளம்பரம் அனுப்புவது சட்டத்தோடு மோதும் செயல், வணிகத்திற்கும் கேடு. 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதித்துள்ள நெறியும் ஏறக்குறைய இதையே வற்புறுத்துகிறது: நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்குமேல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வழி தரவேண்டும், பெறுவோருள் குப்பை என்று முறையிடுவோர் அளவு 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. ஆயிரத்திற்கு மூவர்! நம் முறுக்குக் கடைக்கு அந்த 5,000 பொருந்தாது. ஆனால் இருநூறு பேரின் பட்டியலில் நால்வர் முகம் சுளித்தாலே அக்கடையின் மடல்கள் குப்பை உறைக்குப் போகத் தொடங்கும் என்று அஞ்ச இடமுண்டு.

மற்றொரு சட்டத்தையும் ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. 2013 ஜூலை முதல் 2024 வரை நடப்பிலிருந்த பயனீட்டாளர் பாதுகாப்பு (மின்னியல் வணிகப் பரிமாற்றம்) விதிமுறைகள் 2012, இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவெண், தொடர்பு முகவரி, பொருளின் தன்மை, அனுப்பும் செலவு சேர்ந்த முழுவிலை, பணம் செலுத்தும் முறை, பொருள் சேரும் காலம் ஆகியவற்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றன. வாங்கல் கிடைத்ததைத் தாமதமின்றி உறுதிப்படுத்தவும் வேண்டும் என்றன. "விலைக்குத் தனிச்செய்தி அனுப்புக" என்று எழுதும் நம்மவர் பழக்கம் இதனோடு பொருந்தியதில்லை. பயனீட்டாளர் உரிமையை இந்நாட்டிற்கே கற்பித்த இயக்கம், எஸ். எம். முகமது இத்ரிஸ் என்னும் தமிழர் தலைமையில் இதே பினாங்கில் வளர்ந்தது என்பதை நினைக்கும்போது, நம் கடைகளில் இக்குறை இருப்பது சற்று வெட்கமாகவே இருக்கிறது.

இவ்வளவும் எந்த மொழியில் எழுதுவது? தமிழில் மின்னஞ்சல் எழுத முடியாதிருந்த காலம் ஒன்று உண்டு. ஒருவர் ஒரு குறியாக்கத்தில் எழுதுவார்; பெறுபவர் கணினியில் அவ்வெழுத்துரு இல்லையேல் பூச்சி ஊர்ந்ததுபோல் ஏதோ தெரியும். அந்நிலையை மாற்றியவர்களுள் நம் நாட்டு முத்து நெடுமாறன் முன்னிற்பவர். அவருடைய முரசு அஞ்சல் மென்பொருளின் பெயரிலேயே அஞ்சல் இருக்கிறது. ஒருங்குறி வந்தபின் அத்தடை நீங்கிற்று. "வணக்கம்" என்பது நமக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறிக்கு ஏழு குறி. மின்னஞ்சலில் செல்லும்போது யூடிஎஃப்-8 முறையில் 21 பைட்டு. கணினி அதைச் சலிப்பின்றிச் சுமக்கிறது. நாந்தான் சுமக்க மறுக்கிறோம். ஆங்கில விளம்பரத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் இட்டு, வந்ததை அப்படியே அனுப்பும் கடைகளைக் காண்கிறேன். "எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி, உங்கள் கட்டளை செயலாக்கப்படுகிறது" என்ற மடலைப் படித்த என் அக்கா, "நான் யாருக்குத் தம்பி கட்டளையிட்டேன்?" என்று கேட்டார்.

வாடிக்கையாளர் மலாய்க்காரராயின் மலாயில் எழுதுக. சீனராயின் அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதுக. தமிழருக்கு எழுதும்போது தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமன்று. வயது முதிர்ந்தவருக்குப் பணம் செலுத்தும் முறையைத் தெளிவாகச் சொன்னால் தவறு குறையும். மேலும் ஏமாற்றுக்காரனின் கடிதம் தமிழில் வருவது அரிது. இது என் பட்டறிவு, நெடுநாள் நிலைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஏமாற்று என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து சேலை வரவழைக்கும் கடைக்காரர் ஒருவருக்கு, சரக்கு அனுப்புபவர் பெயரில் ஒரு மடல் வந்தது: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, நிலுவையைப் புதிய கணக்கில் செலுத்துங்கள். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் வேறு. அவர் செலுத்திவிட்டார். கிட்டங்கிக் காலத்தில் முதலாளிக்கு முகவரின் கையெழுத்துத் தெரியும். மடலைப் பிரித்ததும் ஆளை அறிவார். மின்னஞ்சலில் எல்லார் எழுத்தும் ஒன்றே. அதனால்தான் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்னும் சரிபார்ப்பு முறைகள் வந்தன. இந்த இணையப் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் இவை என்று பட்டியலிடுவது முதலாவது. மடலின்மேல் அரக்கு முத்திரை வைப்பது போன்றது இரண்டாவது. சொந்த இணையப் பெயர் வாங்குவோர் இவ்விரண்டையும் முதல்நாளே அமைத்துவிட வேண்டும். ஆயினும் ஓரெழுத்து மாற்றிப் புதிதாகப் பெயர் வாங்கிய கள்வனை இம்முத்திரைகளும் தடுப்பதில்லை. கணக்கெண் மாறியதாக மடல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து வாயால் கேட்டபிறகே செலுத்த வேண்டும். பணம் போய்விட்டால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணைக் காலந்தாழ்த்தாமல் அழைக்க வேண்டும். அக்கடைக்காரர் மூன்றுநாள் வெட்கப்பட்டு வீட்டிலிருந்துவிட்டார்.

ஆசிரியப் பெருமக்களே, நம் பள்ளிகளில் உறவுக் கடிதம், நட்புக் கடிதம், அலுவல் கடிதம் என்று கற்பிக்கிறோம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை பிறழாமல் மாணவர் எழுதுகின்றனர். நூலகத்திற்கு நாற்காலி கேட்டும், வடிகால் அடைப்பைப் பற்றி நகராண்மைக் கழகத்திற்கு முறையிட்டும் எழுதுகின்றனர். தாயின் இணையக் கடைக்கு வந்த குறைக்கு விடையாக ஓர் அலுவல் கடிதம் எழுதச் சொல்லிப் பாருங்கள். கடந்த ஆண்டு நான்காம் படிவ மாணவரிடம் அவ்வாறு கேட்டேன். டின் உடைந்து முறுக்கு நொறுங்கி வந்தது என்பது குறை. பெரும்பாலோர் மன்னிப்பை ஒரு பக்கத்திற்கு எழுதியிருந்தனர்; மாற்று டின் எப்போது வரும் என்பதை எழுதவில்லை. ஒரு சிறுமி மட்டும் நான்கு வரி எழுதினாள்:

"அன்புடையீர், வணக்கம். திங்களன்று தாங்கள் எழுதிய மடல் கிடைத்தது. நொறுங்கிய இரு டின்களுக்கு மாற்றாகப் புதிய டின்கள் நாளை அனுப்பப்படும். வியாழனுக்குள் வந்து சேரும். பழையவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டா, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்."

பட்டர்வொர்த் மாணவிக்கு இதை அனுப்பினேன். நாளையும் கிழமையும் மட்டும் மாற்றி இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறாள்.