ஆளுக்கேற்ற ஆசனம்



காலுக்கு ஏற்றபடி செருப்பைத் தைப்பதா, செருப்புக்கு ஏற்றபடி காலைச் செதுக்குவதா என்று கேட்டால், சிறு பிள்ளையும் சிரித்துக்கொண்டே விடை சொல்லிவிடும். ஆயினும், ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் சிறிய விரைவு வண்டிகளின் விடயத்தில் இந்த விடையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நெட்டையான ஒருவரோ பருத்த ஒருவரோ அத்தகைய வண்டியினுள் அமர முயன்று, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிபட, தலை கூரையில் முட்ட, இடுப்பு ஆசனத்தின் இரு ஓரங்களுக்கிடையில் நெரிபட வருந்துவாராயின், பார்த்து நிற்பவர்கள் அவரைக் கண்டு நகைக்கிறார்களேயன்றி ஆசனத்தைக் கண்டு நகைப்பதில்லை. குறை உடலில் உள்ளதா, ஆசனத்தில் உள்ளதா? ஆசனத்தில் உள்ளதெனின் அதனைத் திருத்தும் வழி யாது? இவ்விரு வினாக்களையும் இன்று சற்று ஆராய்வோம்.

இது வெறும் சொகுசைப் பற்றிய பேச்சு அன்று. நெருக்குண்டு அமர்ந்திருக்கும் சாரதியின் கால், பிரேக்கை நாடிச் செல்லும்போது ஸ்டியரிங்கின் கீழ்விளிம்பில் தடைப்படலாம். முதுகு நோவெடுத்தவருடைய கவனம் தெருவில் நில்லாது. திறந்த வண்டியில் மிக உயர அமர்ந்திருப்பவரின் தலை, வண்டி புரளுமாயின் முதலில் நிலத்தை மோதும். ஆகவே ஆசனம் பொருந்துவது உயிர் சம்பந்தப்பட்ட காரியமும் ஆகும்.

முதலில், இவ்வண்டிகள் ஏன் இவ்வளவு தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் செய்யப்படுகின்றன என்று பார்ப்போம். பாரம் நிலத்தை அண்டி இருந்தால் வளைவுகளில் வண்டி சாயாது. முகப்புச் சிறியதாக இருந்தால் காற்றின் தடை குறையும். நிறை குறைந்தால் அதே இயந்திரம் விரைவாக இழுக்கும். இம்மூன்று நன்மைகளுக்கும் விலையாகக் கொடுக்கப்படுவது சாரதியின் இடமே. அமெரிக்காவின் போர்ட் கம்பனியார் 1960களில் பந்தயத்துக்காகச் செய்வித்த ஜி.டி. 40 என்னும் வண்டியின் பெயரிலுள்ள எண், அதன் உயரம் 40 அங்குலம் என்பதைக் குறிக்கிறது. நமது வீட்டு மேசையைக் காட்டிலும் ஒரு சாண் அளவே அது உயரமானது!

அந்த வண்டியின் வழிவந்த மார்க் 4 என்னும் வண்டியை, 1967 ஆம் ஆண்டு பிரான்சிலுள்ள லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்ட வந்தவர் டான் கர்னி. அவர் ஆறடியைத் தாண்டிய நெட்டையர். தலைக்கவசம் அணிந்து அமர்ந்தபோது கூரை இடங்கொடுக்கவில்லை. கம்பனியார் வேறு சாரதியைத் தேடவில்லை. அவர் தலைக்கு மேலாகக் கூரையில் ஒரு குமிழை எழுப்பினார்கள். அவரும் ஏ. ஜே. பொய்ட் என்பவரும் மாறிமாறி ஓட்டிய அந்த வண்டியே முதலிடம் பெற்றது. கர்னியின் குமிழ் என்று அந்தக் கூரைப் புடைப்புக்கு இன்றும் பெயர் வழங்குகிறது. வெற்றியை வேண்டியவர்கள் செருப்பைத்தான் திருத்தினார்கள், காலை அன்று.

அப்படியாயின், சாதாரண வண்டிகளின் ஆசனம் யாருடைய அளவுக்குச் செய்யப்படுகிறது? நடுத்தரமான மனிதருக்கு என்று நாம் எண்ணுவோம். 1950 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆகாயப் படையினர் தமது விமானிகள் நாலாயிரவருக்கு மேற்பட்டோரின் உடலளவுகளை எடுத்தனர். கில்பேர்ட் டானியல்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் உயரம், மார்பின் சுற்றளவு, கையின் நீளம் முதலாகப் பத்து அளவுகளைத் தெரிந்தெடுத்து, அப்பத்திலும் நடுத்தரமாக உள்ளவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டார். அவரது அறிக்கை 1952 இல் வெளியாயிற்று. 4,063 பேருள் அத்தகையவர் ஒருவர்கூட இல்லை! கால் நீண்டவருக்கு உடல் குறுகியிருந்தது. தோள் அகன்றவருக்குக் கை குறுகியிருந்தது. நடுத்தர மனிதர் என்பவர் காகிதத்தில் மட்டுமே வாழ்பவர் என்பது தெளிவாயிற்று. ஆதலால் ஆசனம் அசைந்து கொடுக்கவேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது.

இன்று மோட்டார் வண்டிகளை வரைவோர், பெரும்பாலும், பெண்களுள் மிகச் சிறிய உடலினரான நூற்றுக்கு ஐவரையும், ஆண்களுள் மிகப் பெரிய உடலினரான நூற்றுக்கு ஐவரையும் விலக்கிவிட்டு, இடைப்பட்டோருக்கு இடம் வகுப்பது வழக்கம். அப்படி விலக்கப்பட்டவர் குற்றம் செய்தவர் அல்லர். கணக்கின் கோடு அவருக்கு இப்பால் விழுந்துவிட்டது, அவ்வளவே.

செய்தவர்களே தமது கோட்டைத் திருத்திக்கொண்டதும் உண்டு. இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பனியார் 1961 ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் ஈ-டைப் என்னும் வண்டியை வெளியிட்டனர். அழகுக்குப் பெயர்போன அந்த வண்டியின் தளம் தட்டையாக இருந்தமையால், நெட்டையர்கள் காலை வைக்க இடமின்றி இடர்ப்பட்டார்கள். 1962 ஆம் ஆண்டிலேயே கம்பனியார் பாதம் வைக்குமிடத்தைப் பள்ளமாக்கினர். வெளியழகு கெடவில்லை; உள்ளே இடம் பிறந்தது.

இனி, அமர்தல் என்பது யாது என்று நோக்குவோம். நாம் அமரும்போது உடலின் நிறையிற் பெரும்பகுதியைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். நிற்கும்போது முதுகெலும்பு இடைப்பகுதியில் முன்னோக்கி மெல்ல வளைந்திருக்கும். அமரும்போது இடுப்பெலும்பு பின்னே உருண்டு, அந்த வளைவு தட்டையாகிவிடுகிறது. அமெரிக்க வைத்தியரான கீகன் என்பவர் 1953 ஆம் ஆண்டு வெளியிட்ட எக்ஸ் கதிர்ப்பட ஆராய்ச்சி இதனை விளக்கிற்று. உடலும் தொடையும் ஏறக்குறைய 135 பாகைக் கோணத்தில் இருக்கும்போதே இடைவளைவு இயல்பாக நிற்கிறது. கோணம் ஒடுங்க ஒடுங்க வளைவு அழிகிறது. சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் பின்னர் முதுகெலும்பின் வட்டுகளினுள் உள்ள அமுக்கத்தையே அளந்து, சாய்மானம் பின்சாய்ந்திருப்பதும் இடைக்குத் தாங்கல் இருப்பதும் அந்த அமுக்கத்தைக் குறைக்கின்றன என்று காட்டினர்.

ஸ்போர்ட்ஸ் காரில் கால்களைத் தாழ நீட்டி அமர்கிறோம். நீட்டிய காலின் பின்புறத் தசைகள் இடுப்பெலும்பைப் பின்னே இழுக்கின்றன. ஆதலால் இடைக்குத் தாங்கல் மற்றெந்த வண்டியைக் காட்டிலும் இங்கே இன்றியமையாதது. மென்மை வேறு, சுகம் வேறு என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். மெத்தென்ற பஞ்சணை கடையில் அமர்ந்து பார்க்கும்போது இன்பம் தரும். இரண்டு மணி நேரத்தின் பின் நோவைத் தரும். நிறையைப் பரவலாகத் தாங்கும் உறுதியான ஆசனமே நெடுந்தூரத்துக்குத் துணையாகும்.

இக்கொள்கையை ஒரு வண்டியில் வைத்துப் பார்ப்போம். யப்பானின் மஸ்தா கம்பனியார் 1989 ஆம் ஆண்டு வெளியிட்ட எம்.எக்ஸ். 5 என்னும் இருவர் வண்டி, உலகில் மிக அதிகமாக விற்பனையான இருவர் ஸ்போர்ட்ஸ் கார் என்ற புகழைப் பெற்றது. 2016 ஆம் ஆண்டு பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. குதிரையும் குதிரை வீரனும் ஓருடலாதல் வேண்டும் என்பது அதனை வரைந்தோரின் குறிக்கோள். ஆனால், பெரிய வீரருக்குக் குதிரை சிறிதாயிற்று. ஸ்டியரிங்கை முன்பின்னாக நீட்டவும் சுருக்கவும் வசதி அந்த வண்டிக்கு 2018 ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதற்கு முன் வந்த வண்டிகளை வைத்திருப்போர் தாமே ஒரு வைத்தியம் கண்டனர். அது ஆசனத்தின் நுரை மெத்தையைச் செதுக்கிக் குறைப்பது.

பொருந்தாத ஆசனத்துக்கு நாம் முதலில் நினைப்பது மேலே ஓர் அணையைப் போடுவது. நெட்டையருக்கு அது நேர்மாறான வைத்தியம். தலை இன்னும் உயரும், முழங்கால் இன்னும் இடிக்கும். இங்கே வேண்டுவது கூட்டல் அன்று, கழித்தல்.

செய்முறை கடினமானதன்று, பொறுமை வேண்டும். ஆசனத்தைத் தளத்தோடு பிணைத்திருக்கும் ஆணிகளைக் கழற்றி வெளியே எடுக்கவேண்டும். உறையை நுரையோடு பிடித்திருக்கும் சிறு கம்பி வளையங்களை நீக்கி, நுரையைத் தனியே பிரிக்கவேண்டும். பின்னர் கூரிய நீண்ட கத்தியால் நுரையின் அடிப்பக்கத்திலிருந்து செதுக்கவேண்டும். மேற்பக்கத்தில் வெட்டினால் மேடுபள்ளம் உறையினூடாக உறுத்தும். இடுப்பெலும்பின் முனைகள் அமரும் பின்பகுதியில் கூடுதலாகவும், தொடையைத் தாங்கும் முன்பகுதியில் குறைவாகவும் எடுக்கவேண்டும். அவ்வாறு செய்தால் தொடைக்கு நல்ல தாங்கல் கிடைக்கும். ஆனால் முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும் அளவுக்கு உயர்ந்துவிடலாகாது. காலுக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைப்படும். அரை அங்குலம் வெட்டியதும் ஆசனத்தைத் திரும்ப வைத்து அமர்ந்து பார்க்கவேண்டும். வெட்டிய நுரை திரும்ப ஒட்டாது. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தாழ்ந்தாலே தலையும் முழங்காலும் விடுதலை பெறுவதைக் காணலாம். அடியிலுள்ள இரும்பு தட்டுப்படும்வரை வெட்டுவது பேதைமை.

பருத்த உடலினருக்குத் தொல்லை தருவது உயரம் அன்று, அகலம். ஆசனத்தின் இரு பக்கத்திலும் எழும்பியிருக்கும் அணைகள், வளைவுகளில் உடலைச் சரியவிடாது பிடிப்பதற்காக அமைந்தவை. மெலிந்தவரை அவை அணைக்கின்றன. பருத்தவரை அவை குத்துகின்றன. அவற்றின் உட்புற நுரையை இரு பக்கமும் சமமாகக் குறைத்து, உறையைக் குஷன் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தைப்பித்தால், பிடியும் கெடாது, நெரிவும் நீங்கும். தோளின் பின்னுள்ள நுரையைச் சிறிது குறைக்கலாம். இடைக்குரிய நுரையைத் தொடக்கூடாது. அது போதாதெனின், ஒரு துவாயைச் சுருட்டி இடையில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, எந்த உயரத்தில் சுகம் என்று அறிந்தபின் அங்கே நுரை சேர்க்கலாம். இது செலவில்லாத சோதனை. அணைகளினுள் உள்ள இரும்புச் சட்டமே இடுப்பை நெரிக்குமாயின் நுரையை வெட்டிப் பயனில்லை. அகன்ற வேறோர் ஆசனமே வழி.

இவ்விடத்தில் சில எச்சரிக்கைகளைக் கூறாதுவிடல் தகாது. பிற்கால வண்டிகள் பலவற்றில் ஆசனத்தின் பக்கத்திலேயே காற்றுப் பை மறைந்திருக்கிறது. மெத்தையின் கீழே ஆள் இருப்பதை உணரும் கருவியும் இருக்கலாம். அவ்வாசனங்களில் கத்தி வைப்பது ஆபத்து. அவற்றை அறிந்த தொழிலாளரிடமே ஒப்படைக்கவேண்டும். ஆசனத்தைத் தாழ்த்துவதற்காகப் பிணைப்பு ஆணிகளையோ தண்டவாளங்களையோ கண்டபடி மாற்றலாகாது. மோதலின்போது சாரதியின் முழு நிறையும் பன்மடங்காகி அந்த ஆணிகளில் வந்து தங்குகிறது. ஆசனப் பட்டி இடுப்பெலும்பின் மேல் தாழப் படியவேண்டும். வயிற்றின் மேல் ஏறினால் காப்பதற்கு மாறாகக் காயப்படுத்தும். ஸ்டியரிங்கிலுள்ள காற்றுப் பைக்கும் மார்புக்கும் இடையே பத்து அங்குலமாவது இருத்தல் வேண்டும்.

திறந்த வண்டி உடையவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. தலைக்குப் பின்னாலுள்ள பாதுகாப்பு வளைவின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேரான தடியை வையுங்கள். சாரதியின் தலை அத்தடிக்குக் கீழே இரண்டு அங்குலமாவது தாழ்ந்திருத்தல் வேண்டும். தடியைத் தலை தொட்டால், வண்டி புரளும்போது அந்த வளைவினால் பயன் இல்லை. ஆசனத்தைத் தாழ்த்துவது சுகத்துக்கும் காப்புக்கும் ஒருங்கே உதவுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இறுதியாக ஒன்று. மிக விரைவான போர்முலா 1 பந்தயத்தில், சாரதியின் நிறையும் வண்டியின் நிறையோடு சேர்த்தே எண்ணப்பட்டு வந்தது. அதனால் நெட்டையான சாரதிகள் பட்டினி கிடந்து உடலை வாட்டினர். 2019 ஆம் ஆண்டு விதி மாறிற்று. சாரதிக்கும் ஆசனத்துக்குமாக 80 கிலோகிராம் எனத் தனிக்கணக்கு வகுக்கப்பட்டது. அதற்குக் குறைந்தவர் மீதியைப் பாரமாகத் தம் வண்டியில் ஏற்றவேண்டும். 2025 ஆம் ஆண்டு அது 82 ஆக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு கணமும் எண்ணப்படும் அந்தப் பந்தயத்திலேயே, மெலிந்தவருக்கு மட்டும் நன்மை செய்யும் ஏற்பாடு நீதியன்று என்று ஒப்புக்கொள்ளப்பட்டதெனின், நமது தெருவில் ஓடும் வண்டிக்கு அந்நீதி ஏன் கூடாது?

உடல் நலத்துக்காக உடலைக் குறைக்க விரும்புவோர் அதனைச் செய்யட்டும். அது வைத்தியரோடு பேசவேண்டிய காரியம். ஓர் ஆசனத்துக்காக எவரும் தம் உடலைப் பற்றி வெட்கப்படவேண்டியதில்லை. வண்டியை வாங்கப் போகும்போது வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டு வராமல், அரை மணி நேரமாவது உள்ளே அமர்ந்து, கிளச்சையும் பிரேக்கையும் முழுவதும் மிதித்து, தலையைத் திருப்பி, பட்டியை அணிந்து பாருங்கள். பொருந்தாததைப் பொருந்தவில்லை என்று சொல்லத் தயங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களாயின், அரை அங்குலம் அரை அங்குலமாக ஆசனத்தை உங்கள் வழிக்குக் கொண்டுவாருங்கள்.