இராணுவத்திடம் எதை எடுக்கிறது, எதை விடுகிறது?

(இளையோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஒழுக்கத்தையும் தலைமைத்துவத்தையும் இராணுவத்திட்டத்தான் படிக்க வேணும்" எண்டு கனபேர் சொல்லக் கேட்டிருப்பீங்கள். நாங்கள் இடதுசாரிகள், உடனே மறுத்துப்போட்டுப் போயிடுவம். இண்டைக்கு அப்பிடிப் போகாமல், அந்த 'இராணுவ அறிவு' என்ன எண்டு பிரிச்சுப் பார்ப்பம்.

முதல் அமெரிக்கா. வியட்நாமில் தோற்ற பிறகு அமெரிக்கத் தரைப்படை தனது பயிற்சி முறையை மாற்றியது. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பாலைவனத்தில் தேசியப் பயிற்சி மையம் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு பயிற்சிச் சண்டைக்குப் பிறகும் எல்லோரும் இருந்து நாலு கேள்வி கேட்பார்கள். என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? அடுத்த முறை எதை மாற்றுவது? தளபதியின் திட்டத்தில் இருந்த பிழையைச் சிப்பாயும் சொல்லலாம் என்பது விதி. இன்று காட்டுத்தீ அணைப்பவர்களும் மருத்துவமனைகளும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நோய்ப்பரவலுக்குப் பிறகு இப்படி மீளாய்வு செய்வது எப்படி என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியே வெளியிட்டது.

இது நல்ல அறிவுதான், மறுக்கத் தேவையில்லை. ஆனால் ரெண்டு விசயத்தைக் கவனியுங்கோ. பதவி கொஞ்ச நேரம் வாயை மூடினபடியால்தான் இந்த அறிவு வெளியில வந்தது. மற்றது, அந்த நாலு கேள்விக்குள்ள "இந்தச் சண்டைக்கு ஏன் போனம்?" எண்ட கேள்வி இல்லை.

அடுத்தது இலங்கை. 2011 ஏப்ரலில் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. போரின் கடைசி மாதங்களில் நடந்த பாரிய மீறல்கள் பற்றிய நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் அதில் இருந்தன. அரசு அதை நிராகரித்தது. அடுத்த மாதமே, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களுக்கு இராணுவ முகாம்களில் மூன்று வாரத் 'தலைமைத்துவப் பயிற்சி' தொடங்கியது. தமிழ் மாணவர்களுக்கும் அதே அழைப்புத்தான். தன்னைப் பற்றிய ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாத நிறுவனம் பிள்ளைகளுக்குத் தலைமைத்துவம் படிப்பிக்கப் போனது. அது படிப்பித்தது கீழ்ப்படிவை. அதற்குப் பெயர்தான் தலைமைத்துவம்.

இப்ப எங்களிட்ட வருவம். இது கொஞ்சம் சுடும்.

எங்கட அரசியலும் சீருடையை முழுசாய்க் கழட்டேல்லை. 'தலைமை சொன்னால் சரி', 'கேள்வி கேட்கிறவன் துரோகி' எண்ட பேச்சு புலம்பெயர்ந்த பிறகும் எங்களோட வந்திருக்கு. ஆர்ப்பாட்டம் முடியும், நன்றியுரை முடியும், படம் எடுப்பம், வீட்டை போயிடுவம். வந்த தங்கச்சிமார் ஏன் அடுத்த முறை வரேல்லை எண்டு ஆரும் கேட்கிறேல்லை.

அதனால் ஒரு முன்மொழிவு. ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் இருபது நிமிசம் இருப்பம். அந்த நாலு கேள்வியையும் கேட்பம். ஆகப் புதிசாய் வந்தவர் முதலில் கதைக்கட்டும். ஒழுங்குபடுத்தினவை கடைசியாய்க் கதைக்கட்டும். பதில்களை எழுதி அடுத்த கூட்டத்தில வாசிப்பம். அதோட இராணுவம் கேட்காத ஐந்தாவது கேள்வியையும் சேர்ப்பம்: இதை ஏன் செய்தம், இதால ஆருக்குக் காயம் வந்தது?

தலைவரைப் பார்த்து இந்தக் கேள்வியைப் பயமில்லாமல் கேட்க முடிந்தால் அது இயக்கம். முடியாவிட்டால் அதுவும் ஒரு முகாம்தான்.

இனி நீங்கள் கதையுங்கோ.