சுரத்தில் மயங்கும் குழந்தையைக் காப்போம்

 

இன்புளுயன்சா என்னும் சளிச்சுரம் நமக்குப் புதியதன்று. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாக அது சென்னையில் இறங்கி நாடெங்கும் பரவியது. 2009-இல் வேறொரு வகைக் கிருமி உலகைச் சுற்றி நம் மாநிலத்தையும் அடைந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்றும் இந்நோய் மிகுகின்றது. பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரத்தில் நலமடைகின்றனர். மிகச் சிலருக்கோ, குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு, அது மூளையைப் பாதிக்கின்றது.

கிருமியை எதிர்க்க எழும் உடலின் தற்காப்பே அளவு மீறி மூளையை வீங்கச் செய்கின்றது. சுரம் கண்ட ஓரிரு நாட்களிலேயே இது நேரக்கூடும். வலிப்பு, தட்டி எழுப்பினாலும் தெளியாத மயக்கம், தாயை அறியாமை, பிதற்றல், ஓயாத வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். வெறும் சுரத்தாலும் வலிப்பு வருவதுண்டு. எது எத்தகையது என்பதை மருத்துவரே அறிவார். ஆகவே, 'ஜன்னி கண்டுவிட்டது' என்று மந்திரிக்கச் செல்வதும், பொழுது விடியட்டும் எனக் காத்திருப்பதும் கூடா.

வலிப்பின்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் நீர், மருந்து, கரண்டி எதனையும் இடாதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. கடையில் விற்கும் தலைவலி மாத்திரையையும் கொடுக்க வேண்டா. சிலவற்றில் ஆஸ்பிரின் உண்டு. அது சளிச்சுரம் கண்ட குழந்தையின் ஈரலையும் மூளையையும் கெடுக்க வல்லது.

உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் வலிப்பை நிறுத்தவும், பிராணவாயு அளிக்கவும், மூளை வீக்கத்தைத் தணிக்கவும் வழியுண்டு. கிருமியை அடக்கும் ஓசெல்டாமிவிர் என்னும் மருந்து, நோய் கண்ட 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். கடும் நோய்க்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

நம் சமவெளியில் குடும்பங்கள் பல தோட்டத்து வீடுகளில் தனித்து வாழ்கின்றன. இரவில் வண்டி வழி தெரியாது நின்றால், ஒரு குழந்தையின் உயிர் போகலாம். ஆகவே, ஒவ்வொரு தோட்டப் பாதையின் முகப்பிலும் பெயர்ப் பலகை நாட்டுவதும், வண்டி செல்லுமாறு பாதையைச் செப்பனிடுவதும் பஞ்சாயத்தின் கடமை. ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் இடக்கூடிய தடுப்பூசி குறித்து, மழைக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் இவற்றை முதற்பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.