புது வின்டோஸ், பழைய படங்கள்



வின்டோஸ் 11 போட்ட பிறகு போட்டோஷொப் இழுபடுகிறது. படத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிரஷ்ஷைப் பிடித்து இழுத்தால் கோடு ஆறுதலாகப் பின்னால் வருகிறது. இடையில் ஸ்ரக் ஆகியும் விடுகிறது. ஸ்ரூடியோ வைத்திருப்பவர்களும் வீட்டிலிருந்து பட வேலை செய்கிற பிள்ளைகளும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். காரணங்களைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். மெதுவாகிவிட்டது என்று கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் உடனே போமட் பண்ணிவிடாதீர்கள்.

புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது முல்லைத்தீவுக் கரையோர வீடுகளோடு அல்பங்களும் போயின. 2009 இல் போரோடு எஞ்சியவையும் போயின. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன சனம் கையில் எதைக் கொண்டுபோக முடியும்? உயிரோடு வெளியில் வந்தவர்களிடம் மிஞ்சியது அடையாள அட்டையும், அதில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படமும்தான். சிலரிடம் பொலித்தீன் பையில் சுற்றி வைத்த ஒன்றிரண்டு படங்கள், ஈரம் பட்டு முகத்திலேயே பூஞ்சணம் பிடித்தபடி. மீள்குடியேறி வந்தவர்கள் ஸ்ரூடியோவுக்கு அவற்றைத்தான் கொண்டுவந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பெரிதாக்கித் தாருங்கள், மகனுடைய படத்தில் இந்தக் கறையை எடுத்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். 2017 மார்ச் 8 முதல் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நடத்திவருகிற போராட்டத்தில் தாய்மார் கையில் பிடித்திருக்கிற படங்களை உற்றுப் பாருங்கள். எத்தனையோ படங்களில் இப்படி ஒரு மேசையில் யாரோ இருந்து கீறல் கீறலாகச் செய்த வேலை இருக்கிறது.

ஆகவே நீங்கள் போமட் பண்ணப் போகிற கொம்பியூட்டரின் வன்தட்டில் இருப்பவற்றுள் வேறெங்குமே பிரதி இல்லாத படங்களும் இருக்கலாம். வாடிக்கையாளர் அச்சுப்பிரதியை வாங்கிக்கொண்டு போயிருப்பார், மூலப்படம் கிழிந்தே போயிருக்கும். வேகம் குறைந்த கொம்பியூட்டரை எப்போதும் திருத்தலாம். அழிந்த படத்தை யாரிடம் போய்க் கேட்பது? முதலில் வெளியே கழற்றி வைக்கக்கூடிய ஒரு வன்தட்டில் எல்லாப் படங்களையும் பிரதி எடுங்கள். எடுத்த பிறகு அதிலிருந்து நாலைந்து படத்தைத் திறந்து பாருங்கள். பிறகு மற்ற வேலையைப் பார்ப்போம்.

ஏன் இப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் வின்டோஸ் மாற்றினார்கள்? 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. 2015 ஜூலையில் வந்த அந்தப் பதிப்பில்தான் பெரும்பாலான ஸ்ரூடியோக்கள் பத்து வருடம் வேலை செய்தன. மாற்றுவதில் பிழையில்லை. கடவுச்சீட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் எடுக்கிற படங்களைப் பதிவு பெற்ற ஸ்ரூடியோக்கள் இணையத்தினூடாகத்தான் உரிய திணைக்களங்களுக்கு அனுப்புகின்றன. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்க வருகிற பிள்ளையின் முகமும் விபரமும் இருக்கிற கொம்பியூட்டர், பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் இணையத்தில் கிடக்கக்கூடாது.

இனி மெதுவாவதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், கேளுங்கள். கல்யாண அல்பத்தில் 12 அங்குல உயரமும் 36 அங்குல அகலமும் கொண்ட ஒரு விரிந்த பக்கம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியென்றால் 3600 ஐ 10,800 ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 3 கோடியே 89 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆகவே முழுதாக நிறைந்த ஒரு லேயருக்கே ஏறத்தாழ 117 மெகாபைட். பத்து லேயர் என்றால் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். பிழைத்தால் பின்னுக்குப் போவதற்காக நீங்கள் செய்த கடைசி 50 வேலைகளையும் போட்டோஷொப் நினைவில் வைத்திருக்கும். அதற்கும் இடம் வேண்டும்.

இவ்வளவும் இருக்க வேண்டிய இடம் ரேம். அதில் இடம் முடிந்ததும் போட்டோஷொப் மிச்சத்தை வன்தட்டில் எழுதி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். குசினியில் இடம் காணாமல் சாமான்களை வளவுக் கொட்டிலில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கறிக்கும் அங்கே போய் எடுத்து வந்து சமைப்பது போலத்தான். இதற்குப் பயன்படுகிற தட்டை ஸ்கிராச் டிஸ்க் என்பார்கள். சுழல்கிற பழைய வகை வன்தட்டு வினாடிக்கு நூறு, நூற்றைம்பது மெகாபைட் அளவில்தான் வாசிக்கும். ரேமின் வேகம் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். பழைய வின்டோஸில் ரேமுக்குள் மட்டுமட்டாக அடங்கிய வேலை, புதியது தனக்கென்று கூட இடம் பிடித்ததும் தட்டுக்கு வழிகிறது. வேலை கொஞ்சம் மெதுவாகாமல் ஒரேயடியாகப் படுத்துவிடுவது அதனால்தான். வின்டோஸ் 11 க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் ரேம் போதும் என்று மைக்ரோசொப்ட் சொல்வது உண்மைதான். அது வின்டோஸ் ஓடுவதற்கு. இப்போதைய போட்டோஷொப்புக்கு அடோபி கேட்பது குறைந்தது 8, நன்றாக ஓட 16.

இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. மேம்படுத்தும்போது பழைய வின்டோஸ் உடனே அழிவதில்லை. சி டிரைவில் வின்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறைக்குள் பல ஜிகாபைட் அளவில் அப்படியே கிடக்கும். போட்டோஷொப் தன் ஸ்கிராச் வேலைக்கு வழமையாகப் பிடிப்பதும் அதே சி டிரைவைத்தான். ரேமும் நிறைந்து, தட்டும் நிறைந்தால் எங்கே போய் எழுதுவது? போட்டோஷொப்பின் அமைப்புகளுக்குள் போய் ஸ்கிராச் டிஸ்க்கை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். பின்னுக்குப் போவதற்கான அந்த 50 ஐ 20 ஆகக் குறையுங்கள். திறந்து வைத்திருக்கிற குரோமை மூடுங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இதோடு தீரும் என்பது என் நம்பிக்கை.

தீராவிட்டால் கிராபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். படத்தைப் பெரிதாக்குவது, நகர்த்துவது, சில பில்டர்கள் எல்லாவற்றுக்கும் போட்டோஷொப் கிராபிக்ஸ் சிப்பின் உதவியை எடுக்கிறது. அந்தச் சிப்புக்குரிய டிரைவரை வின்டோஸ் மேம்பாடு சில வேளைகளில் ஏற்றுக்கொள்ளாமல், மைக்ரோசொப்டின் அடிப்படை டிரைவரைப் போட்டுவிடும். திரையில் எல்லாம் வழமை போலவே தெரியலாம். ஆனால் சிப் சும்மா இருக்க, புரொசெசர் மட்டும் முழுச் சுமையையும் தூக்கும். டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடப்டர் என்ற இடத்தில் உங்களுடைய கார்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கார்டு அல்லது மடிக்கணினி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உரிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். பிறகு போட்டோஷொப்புக்குள் கிராபிக்ஸ் புரொசெசர் பாவிக்கும் தெரிவு இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். தொடக்கச் சோதனையில் சிப் சரிவரவில்லை என்றால் போட்டோஷொப் தானே அதை நிறுத்திவிடும்.

புதிய பதிப்புகளில் பழைய படத்தைத் தானாகவே சீராக்குகிற வசதிகளும் வந்திருக்கின்றன. அவை இந்தச் சிப்பைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. இங்கே பட வேலை செய்கிற தம்பி தங்கைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். கறையையும் கீறலையும் அவற்றால் எடுங்கள். மங்கிப்போன கண்ணையும் வாயையும் அவற்றிடம் விடாதீர்கள். படத்தில் இல்லாததை ஊகித்து வேறொருவருடைய கண்ணை வைத்துவிடும். அந்தத் தாய் தன் பிள்ளையை அதில் தேடுவாள். குளோன் ஸ்ராம்ப்பாலும் 2002 இலேயே வந்துவிட்ட ஹீலிங் பிரஷ்ஷாலும் கையால் செய்வதற்கு நேரம் எடுத்தாலும், முகம் அந்தப் பிள்ளையின் முகமாகவே இருக்கும்.

எழுத்துருக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழாப் பதாகை என்று எல்லாம் செய்வதால் நம்முடைய ஸ்ரூடியோக் கொம்பியூட்டர்களில் பாமினி வகை எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் நிறைந்திருக்கும். போட்டோஷொப் அவற்றையெல்லாம் வாசித்துத்தான் எழுத்துருப் பட்டியலைக் காட்டும், அதற்கும் நேரம் எடுக்கும். பாவிக்காதவற்றைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு கொம்பியூட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மேம்படுத்திய முதல் ஓரிரு நாள் மெதுவாக இருப்பது இயல்பு. உள்ளே வின்டோஸ் உங்கள் கோப்புகளையெல்லாம் புதிதாக அட்டவணைப்படுத்திக்கொண்டிருக்கும், வைரஸ் தேடுதலும் நடக்கும். ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் நேரம் எடுக்கும். ஓர் இரவு முழுக்கப் போட்டுவிட்டுப் படுங்கள். யூபிஎஸ் இல்லாமல் மேம்பாட்டைத் தொடங்கவே வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று நம்மூரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் அல்லவா இருக்கிறோம்.

எல்லாம் செய்து பார்த்தும் சரிவரவில்லையா? மேம்படுத்திய 10 நாளுக்குள் என்றால், அமைப்புகளில் ரிக்கவரி என்ற பகுதிக்குப் போய்ப் பழைய வின்டோஸுக்கே திரும்பலாம். அதற்கு அந்த வின்டோஸ்.ஓல்ட் தேவை. ஆகவே இடம் வேண்டும் என்று அவசரப்பட்டு அதை முதலே அழித்துவிடாதீர்கள். 10 நாள் கழிந்தால் வின்டோஸே அதை அழித்துவிடும்.

புதுக் கொம்பியூட்டர் வாங்குவதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு சிறிய ஸ்ரூடியோ ஒன்றுக்கு அது பெரிய செலவு. சுழல்கிற வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், ரேமைக் கூட்டுங்கள். பெரும்பாலான பழைய கொம்பியூட்டர்களுக்கு அது போதும். ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லாதவற்றையும், இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசெசரோடு இருப்பவற்றையும் வின்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்காது. குறுக்கு வழியால் வலிந்து ஏற்றாதீர்கள், பின்னால் வருகிற திருத்தங்கள் அதற்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அப்படியான கொம்பியூட்டரில் பழைய வின்டோஸையே விட்டுவைத்து, இணைய வயரைக் கழற்றிவிட்டு, பழைய படங்களைத் திருத்துவதற்கென்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டைப் படம் அனுப்புகிற வேலை வேறொரு கொம்பியூட்டரில் நடக்கட்டும். ஸ்கானரும் பழைய போட்டோஷொப்பும் அந்தப் பழைய கொம்பியூட்டரில் முன்பு ஓடிய வேகத்திலேயே ஓடும்.