அடுப்படியில் ஒரு கவிதை

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டு ஒன்று. அதில் அரசன் இல்லை, போர் இல்லை. சமையல்தான் இருக்கிறது.

புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண். கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. அவள் சமைத்த புளிப்பான குழம்பை, நன்றாக இருக்கிறதென்று கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு!

சேலையில் பட்ட கறையைக் கவிஞர் மறைக்கவில்லை. புகையையும் மறைக்கவில்லை. அந்த வேலையில்தான் அழகைக் கண்டார். அன்றாட வேலையிலும் அழகு உண்டு.

உங்கள் வீட்டில் இந்நேரம் இட்லி வெந்துகொண்டிருக்கும். சாப்பிடும்போது, சமைத்தவரிடம் 'ருசியாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள் பாராட்டினால் அவருக்கு எப்படிக் கேட்கும்?